ஆம்ப்ளிஃபயர் மேல் விழுந்த பழி: மூன்று ஆண்டு அனுபவம்

2022-இல் என் மைவி காரில் 400 வாட் மோனோ ஆம்ப்ளிஃபயரும், அடித்தொனிக்கான பத்து அங்குல ஸ்பீக்கரான சப்வூஃபரும் ஒரு பட்டறையில் பொருத்திக்கொண்டேன். தினமும் ஜெலுத்தோங்கிலிருந்து பினாங்குப் பாலம் கடந்து பிறைக்கு வேலைக்குப் போகிறவன் நான், பாட்டுதான் துணை. நான்கே மாதத்தில் தொல்லை தொடங்கியது. பகலில் ஒழுங்காகப் பாடும். இரவு மழையில் ஏர்கான், முன்விளக்கு, வைப்பர் எல்லாம் ஓடும்போது தவில் அழுத்தமாக விழுந்தால் போதும், சப்வூஃபர் வாயை மூடிக்கொள்ளும். ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரியும்.

பொருத்திக் கொடுத்த பட்டறைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்தார். "12.6 வோல்ட் சரியாக வருகிறது தம்பி, ஆம்ப்தான் போய்விட்டது" என்றார். புதியதற்கு 650 வெள்ளி (ரிங்கிட்). எனக்கு மனம் ஒப்பவில்லை. 35 வெள்ளிக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன்.

அவர் அளந்தது எஞ்சின் அணைந்து, பாட்டும் ஓடாத நேரத்தில். மின்னோட்டமே இல்லாதபோது ஒற்றை இழைக் கம்பிகூட 12.6 காட்டும். இந்த ஆம்ப்ளிஃபயர் முழு மூச்சில் பாடினால் 40 ஆம்பியர் வரை இழுக்கும். அளக்க வேண்டியது அப்போதுதான். எஞ்சினை ஓடவிட்டு, கைப்பேசியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஒலியை இடைவிடாமல் விட்டேன். பேட்டரி முனைகளில் 13.9 வோல்ட். ஆம்ப்ளிஃபயர் முனைகளில் 11.4! நடுவில் இரண்டரை வோல்ட்டை யார் தின்றது? மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மற்றதை ஆம்ப்ளிஃபயரின் பாசிட்டிவிலும் வைத்தேன்: 0.6. நெகட்டிவ் பக்கமும் அப்படியே: 1.9. திருடன் எர்த்தில், அதாவது ஆம்ப்ளிஃபயரின் நெகட்டிவைக் காரின் தகட்டோடு சேர்க்கும் இணைப்பில் இருந்தான்.

பின்பெட்டி விரிப்பைத் தூக்கினால், எர்த் கம்பியைச் சாயத்தின் மேலேயே ஒரு தகர ஸ்குரூவால் முடுக்கியிருந்தார்கள். சுற்றிலும் துருப் பொடி. நம் ஊர் ஈரக்காற்றில் வேறென்ன ஆகும்? உப்புத்தாளால் வெள்ளைத் தகடு மின்னும்வரை தேய்த்து, போல்ட்டும் பல் வாஷரும் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். 1.9 வோல்ட் 0.1 ஆனது. மொத்தச் செலவு நான்கு வெள்ளி; முழங்கை வலி தனி.

பாசிட்டிவ் பக்கத்து 0.6-ஐ அலட்சியமாக விட்டது என் தவறு. ஒன்றரை ஆண்டு கழித்துப் பியூஸ் கூடு உருகி மஞ்சளித்தது. பியூஸ் போகவில்லை, ஸ்குரூ தளர்ந்த இடத்தில் சூடேறியிருந்தது. கம்பியை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை நிறம்: செம்புப் பூச்சு பூசிய அலுமினியம். இறுக்கினாலும் நாளடைவில் நசுங்கித் தளர்ந்துவிடும். போதாக்குறைக்கு, 4 கேஜ் (கம்பியின் பருமன் அளவு) என்று அச்சிட்ட கம்பியில் மேலுறை ரப்பர்தான் தடிமன், உள்ளே உலோகம் மெல்லியது. முழுச் செம்புக் கம்பி போட்டேன். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் 60 ஆம்பியர் பியூஸ் வைத்தேன். அது காப்பது ஆம்ப்ளிஃபயரை அல்ல, கம்பி தகட்டில் உரசினால் தீப்பிடிக்காமல் காரைத்தான்.

2025-இலும் அதே ஆம்ப்ளிஃபயர்தான் பாடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஸ்குரூவையும் இறுக்குகிறேன். பாட்டு இல்லாதபோது எஞ்சினோடு ஏறி இறங்கும் மெல்லிய ரீங்காரம் ஒன்று மட்டும் ஸ்பீக்கர்களில் மிச்சம். ஒலிக் கம்பியை மின் கம்பியோடு ஒட்டியே இழுத்ததால் இருக்கலாம். பிரித்து இழுக்க விரிப்பை மறுபடியும் முழுதாகக் கழற்ற வேண்டும். அடுத்த நீண்ட விடுமுறைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.