கோவில் போர்டுக்கு வாக்கியமா திருக்கணிதமா? ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்

சேலம் அம்மாப்பேட்டையில எங்க தெரு ஈஸ்வரன் கோவில் வாசல்ல ஒரு எல்இடி போர்டு வச்சு, ராஸ்பெர்ரி பைங்கற கையளவு கம்ப்யூட்டர் ஒண்ணைப் பின்னாடி மாட்டி, திதி நட்சத்திரம் தானா ஓடற மாதிரி பண்ணிக் குடுத்தேன். ராகுகாலம் எமகண்டத்துக்கு எந்தப் பஞ்சாங்கம்னாலும் ஒண்ணுதான், அதை விடுங்க. திதிக்கு எந்தக் கணக்கு, பழைய அட்டவணைப்படி போற வாக்கியமா, வானத்துல இருக்கறபடி திருத்துன திருக்கணிதமாங்கறதுலதான் ஒரு மாசம் மண்டை காஞ்சது.

முதல்ல போட்டது திருக்கணிதம். நம்மள மாதிரி ஆளுக்கு அதுதான் ஈஸி, கிரகம் எங்க இருக்குன்னு கணிக்கற ஸ்விஸ் எபிமெரிஸ் லைப்ரரியை இறக்கி, ராசிச் சக்கரம் எங்க தொடங்குதுங்கற அளவுக்கு (அயனாம்சம்) லாகிரின்னு செட் பண்ணி, சேலத்தோட அட்சரேகை தீர்க்கரேகை குடுத்தா முடிஞ்சுது, வானத்துல நிலா நிஜமா எங்க இருக்குதோ அதையே சொல்லும். 1952ல மேகநாத் சாஹா தலைமையில அரசாங்கம் போட்ட காலண்டர் கமிட்டியும் இந்தப் பக்கம்தான். துல்லியம்னு கேட்டா போட்டியே இல்ல.

ஆனா தேய்பிறை அஷ்டமி வந்துச்சு. பைரவர் பூஜைக்குக் கூட்டம் நிக்குது, போர்டுல நவமின்னு ஓடுது, குருக்கள் கையில இருக்கற வாக்கியப் பஞ்சாங்கத்துல இன்னும் அஷ்டமி. "என்ன தம்பி உங்க மிஷினு என்னைப் பொய்யனாக்குது"ன்னு போன் வந்துச்சு. நான் புரோகிராம் கோட்ல தப்பு தேடுனேன், கோட்ல தப்பே இல்ல. நிலாவை சூரியன் இழுக்கறதால வர்ற ஒரு ஆட்டம் வாக்கியக் கணக்குல கிடையாது, அமாவாசை பௌர்ணமியில அது பெருசா தெரியாது, அரை நிலா வர்ற அஷ்டமி பக்கம்தான் பல்லைக் காட்டும், நாலஞ்சு மணி நேரம்கூட வித்தியாசம் வரும். சனிப்பெயர்ச்சின்னா மாசக்கணக்கு, 2023ல திருக்கணிதப்படி ஜனவரி 17, திருநள்ளாறுல வாக்கியப்படி கொண்டாடுனது டிசம்பர் 20.

வாக்கியத்தை எடுத்துப் படிச்சப்போதான் அசந்து போனேன், இது பக்கா லுக்கப் டேபிள்ங்க, அதாவது பாத்து எடுத்துக்கற அட்டவணை! வரருசி பேர்ல சொல்ற 248 சின்னச் சின்ன வாக்கியம், ஒவ்வொண்ணும் ஒரு நாளைக்கு நிலா இருக்கற இடம். முதல் வாக்கியம் "கீர்ந ஸ்ரேய". எழுத்துக்கு எண் குடுக்கற கடபயாதி முறையில கீ 3, ர்ந 0, ஸ்ரே 2, ய 1, பின்னாடியிருந்து படிச்சா 1203, அதாவது 12 பாகை (டிகிரி) 3 கலை (பாகையில அறுபதுல ஒரு பங்கு). நிலா பூமிக்குக் கிட்ட வந்துட்டு மறுபடி கிட்ட வர 27.55 நாள், ஒம்போது சுத்துக்கு 248 நாள், அதான் 248. மிச்சம் விழற சில்லறைக்கு 3031 நாள், 12372 நாள்னு பெரிய சுத்து வச்சு சரிக்கட்டிருக்காங்க. 1825ல புதுச்சேரியில ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் சோழியைத் தரையில பரப்பி, மனப்பாடமா வச்சிருந்த அட்டவணையை வச்சே சந்திர கிரகணம் கணிச்சதை ஜான் வாரன்னு ஒரு வெள்ளைக்காரர் பதிவு பண்ணிருக்காரு. தொடக்கத்துல 4 நிமிஷம்தான் பிசகு, முடிவுல 52 நிமிஷம்.

நான் வாக்கியத்துக்கு மாறுனதுக்குக் காரணம் இந்த அழகு இல்ல, பராமரிப்பு. திருக்கணிதத்துல அயனாம்சத்தை மாத்துனா நட்சத்திர நேரம் நகரும், லைப்ரரி அப்டேட் வந்தா மறுபடி செக் பண்ணணும், லைசென்ஸ் வேற ஏஜிபிஎல், நாம எழுதுனதையும் திறந்து காட்டச் சொல்றது. அதையெல்லாம்கூட சமாளிச்சுரலாம், ஆனா தப்புன்னு யாராவது கை நீட்டுனா குருக்கள் எதை வச்சு சரிபாப்பாரு, நாசா டேட்டாவையா? வாக்கியத்துல டெஸ்ட் கேஸ் அவர் கையிலயே புஸ்தகமா இருக்குது, வருஷா வருஷம் அச்சாகி வருது, ஒத்துப் போகலைன்னா பிழை என் கோட்லதான், பேச்சே இல்ல. டேபிள் எந்தக் காலத்துலயும் மாறப்போறதில்ல. ஏற்காட்டுல பெரியப்பா தோட்டத்துக் கோவிலுக்கும் அதே புரோகிராமை ஒரு சின்ன சிப்புல ஏத்திட்டேன், அங்க மழை வந்தா சிக்னலே கிடையாது, கடிகார பேட்டரி மாத்துறது ஒண்ணுதான் வேலை.

அமெரிக்காவுல டெர்ரி டேவிஸ்னு ஒருத்தர், 640க்கு 480 ஸ்க்ரீன் 16 கலர்னு கடவுள் சொன்னாருன்னு டெம்பிள் ஓஎஸ்னு கம்ப்யூட்டரை ஓட்டற முழு ஓஎஸ்ஸையே தனியாளா எழுதுனாரு. எனக்கு ஸ்பெக் சொன்னது குருக்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கிரகங்களுக்கு வாக்கியத்தை நான் இன்னும் ஓட்டிப் பாக்கல, சந்திரனும் சூரியனும் மட்டும்தான், ஜாதகம் போடற சாஃப்ட்வேர் பண்றவங்க என் பேச்சைக் கேட்டு இறங்கிராதீங்க. கிரகணத்துக்கு மட்டும் நானும் லைப்ரரியிலயே கணக்குப் போட்டு நேரத்தைத் தனியா ஏத்தி வச்சிருக்கேன், ஜனங்க அண்ணாந்து பாத்தா தெரிஞ்சுருமில்ல. தயங்கித் தயங்கித்தான் குருக்கள்கிட்ட சொன்னேன். அவரு புஸ்தகத்தைப் பிரிச்சுக் காட்டி, "நம்ம புஸ்தகத்துலயும் கிரகணத்துக்குத் திருக்கணிதம்தான் தம்பி"ன்னாரு.