ஏடி8232 போர்டும் பைத்தானும்: சோமனூரிலிருந்து ஒரு நீண்டநாள் அனுபவம்

உடலிலிருந்து வரும் சிக்னலை அலசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யார் கேட்டாலும், அனலாக் டிவைசஸின் ஏடி8232 சிப் வைத்த ஈசிஜி போர்டைத்தான் முதலில் சொல்வேன். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும். தோலில் ஒட்டும் மூன்று எலெக்ட்ரோடு, சிக்னலைக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப ஒரு ஆர்டுயினோ, அலச பைத்தான் மொழியில் சைபை என்ற நிரல் தொகுப்பு. பல வருடமாக எனக்கு இவைதான். போர்டு மக்கர் செய்ததே இல்லை. கூட வரும் ஒயர்தான் சீக்கிரம் தளர்ந்துபோகும். எலெக்ட்ரோடில் ஜெல் காய்ந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள். திரும்ப ஒட்டினால் கோடு தாறுமாறாகக் குதிக்கும்.

எங்கள் வீடு தறிக்குடோனை ஒட்டியது. இதயத்தின் சிக்னல் தோலுக்கு வந்து சேரும்போது ஒரு மில்லிவோல்ட் அளவுதான் இருக்கும். மோட்டாருக்குப் போகும் ஒயரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதைச் சுலபமாக மூழ்கடித்துவிடும். பாடங்கள் பலவற்றில், ஒரு குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டருக்கு 60 என்று போட்டிருப்பார்கள். அது அமெரிக்கக் கரண்ட். நமக்கு 50. நம் கிரிட் 49.90க்கும் 50.05க்கும் நடுவில் ஓட வேண்டும் என்பது விதி. எவ்வளவு குறுகலாக வெட்டுவது என்பதைச் சொல்லும் க்யூ மதிப்பை 30 என்று வைத்தால் ஃபில்டரின் அகலம் சுமார் 1.7 ஹெர்ட்ஸ் வரும், அந்த ஆட்டத்துக்கு அது தாராளம்.

தறியின் அதிர்வு அப்படி அடங்காது. சாதாரண விசைத்தறி நிமிடத்துக்கு நூறு ஊடைக்கு (குறுக்கு நூலுக்கு) மேல் அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் தரையும் நாற்காலியும் அதிர்ந்து, எலெக்ட்ரோடு தோல்மேல் துளி நகரும். விநாடிக்கு இரண்டு அடி என்றால், அது இதயம் துடிக்கும் வேகத்துக்குப் பக்கத்திலேயே வந்து விழுகிறது. ஃபில்டர் போட்டுத் தறியை எடுத்தால் துடிப்பின் வடிவத்திலும் ஒரு பங்கு போய்விடும். சாஃப்ட்வேருக்கு முன்னால் கையால் செய்யும் வேலைகள்தான் இங்கே உதவும்: குடோனை விட்டுத் தள்ளி உட்காருவது, ஒயர்களைச் சேர்த்து முறுக்கிக் கட்டுவது, தோலில் எண்ணெய்ப் பசை போகத் துடைப்பது. லேப்டாப் பேட்டரியில்தான் ஓட வேண்டும். இரைச்சலும் குறையும், அதைவிட முக்கியம், எலெக்ட்ரோடு ஒட்டியிருக்கும் ஆளுக்கு அதுதான் பாதுகாப்பு. சார்ஜரை மாட்டிக்கொண்டு யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

அப்புச்சிக்குத் திண்ணையில் வைத்து மாட்டினேன். கோடு மொத்தமாக மெல்ல ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, என்ற நெஞ்சு இப்படித்தான் ஆடுதா?" என்றார்.

"இல்லீங்க அப்புச்சி, அது நீங்க மூச்சு விடறதுங்க. கொஞ்சம் புடிச்சுப் பாருங்க."

பிடித்தார். கோடு சமமானது, துடிப்புகள் மட்டும் வரிசையாக நின்றன. பேஸ்லைன் வாண்டர் என்று பாடத்தில் வருவதை அதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை.

அந்த ஏற்ற இறக்கத்தை எடுக்க 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் போடுவது வழக்கம். ஆனால் டாக்டர் பார்க்கும் ஈசிஜிக்கு 0.05 வரை தேவை என்பார்கள். காரணம், துடிப்பின் கூர்முனைக்குப் பின்னால் வரும், மாரடைப்பில் மாறுகிற எஸ்டி பகுதி மெதுவான சமாச்சாரம்; அலைவரிசையைத் தாராளமாக வெட்டினால் அந்தப் பகுதி சாய்ந்துபோகும். கடையில் கிடைக்கும் ஏடி8232 போர்டுகள் பெரும்பாலும் 0.5 முதல் 40 வரை தாங்களாகவே வெட்டிவிட்டுத்தான் நமக்குத் தருகின்றன. அதனால் அப்புச்சிக்கு நெஞ்சு வலித்தால் இந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன், நேராக ஆஸ்பத்திரிதான்.

ஒவ்வொரு ஃபில்டரும் இரைச்சலோடு இதயத்தின் எதையோ சேர்த்து எடுத்துப் போகிறது. எது போகிறது என்று தெரிந்து போடுவதுதான் இந்தக் கல்வியே. 1985இல் பானும் டாம்ப்கின்ஸும் வெளியிட்ட முறையைப் பாருங்கள். 5 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வைத்துக்கொண்டு, சரிவைக் கணக்கிட்டு, வர்க்கப்படுத்தி, 150 மில்லிவிநாடி ஜன்னலில் கூட்டுகிறது. துடிப்பை எண்ண அருமையான முறை. கூர்முனைக்கு முன்னால் வரும் சின்ன மேடான பி அலையைப் படிக்க அந்தச் சிக்னலை எடுத்தால் அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. சைபையில் ஃபில்ட்ஃபில்ட் என்ற ஃபங்ஷன் அலையை இடம் நகர்த்தாது, ஆனால் பின்னால் வரப்போகும் டேட்டாவும் அதற்கு வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சிக்னலுக்கு, இதுவரை வந்ததை மட்டும் பார்க்கும் எல்ஃபில்டர்தான். சரி, சிக்னலில் எதைத் தேடுகிறோம் என்ற கேள்வியை முடிவு செய்துவிட்டால் ஃபில்டர் தானாகவே அமைந்துவிடும்.

வீட்டுச் சிக்னலோடு நிற்காமல், உடல் சிக்னல் பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஃபிசியோநெட் இணையதளத்துக்கும் போங்கள், இலவசம். அங்கே உள்ள எம்ஐடி-பிஐஹெச் என்ற ஈசிஜி தொகுப்பில் அரை மணி நேரப் பதிவுகள் 48 இருக்கின்றன, விநாடிக்கு 360 மாதிரி வீதம். 1975க்கும் 1979க்கும் இடையே பாஸ்டன் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் எடுத்தவை. அமெரிக்கப் பதிவுகள் என்பதால் இவற்றுக்கு மட்டும் நாட்ச் 60. ஒவ்வொரு துடிப்புக்கும் இதய மருத்துவர்கள் குறிப்பு போட்டிருப்பதால், நம் புரோகிராம் சொன்னது சரியா என்று உடனே ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீட்டில் எடுக்கும் பதிவில் அந்த வசதி கிடையாது.

100ஆம் எண் பதிவில் ஆரம்பியுங்கள். எந்தப் புரோகிராமும் அதில் ஓடிவிடும். அப்புறம் 108ஐத் திறங்கள். அந்த ஆளுக்குப் பி அலை வழக்கத்துக்கு மாறாக உயரமாக, கூர்மையாக இருக்கும். பான்-டாம்ப்கின்ஸ் மொத்தத் தொகுப்பில் 99.3 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்த முறை; அதுவே இந்தப் பதிவில் இல்லாத துடிப்புகளை நிறைய எண்ணிவிட்டது. உங்கள் புரோகிராம் அதில் எங்கெங்கே ஏமாறுகிறது என்று ஒவ்வொரு இடமாகப் பெரிதாக்கிப் பாருங்கள்.