மாங்காய் சீசனுக்கு முன் எதை டெஸ்ட் செய்வது: கையாலா, யூனிட் டெஸ்டா, பிரௌசர் ஆட்டோமேஷனா?

மே, ஜூன் வந்துவிட்டால் சந்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து பெங்களூரா மாங்காய் லாரி லாரியாகக் கிருஷ்ணகிரி மண்டிகளுக்கும் கூழ் ஆலைகளுக்கும் வரும். எடை போட்டு பில் கொடுக்கும் மென்பொருளை எழுதுகிற சின்னக் குழுவில் இருக்கிறேன். கோடு (நிரல்) எழுத இரண்டு பேர், டெஸ்டிங்கிற்கு நான் ஒருத்தி. ஏப்ரல் முடிவதற்குள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். "ஏம்மா, எல்லாத்தையும் ஆட்டோமேஷன்ல போட்டுட்டா வேலை மிச்சம்தானே?" என்று எங்கள் மேலாளர் கேட்டார். இருக்கிற மூன்று வாரத்தை எதில் போடுவது என்று யோசித்ததில் கிடைத்த பதில்தான் இது.

முதலில் யூனிட் டெஸ்ட். பில் கணக்கு போடும் ஒரு சின்ன ஃபங்ஷனை, அதாவது கோடின் ஒரு துண்டை மட்டும் தனியாக எடுத்து, இந்த எடை கொடுத்தால் இந்தத் தொகை வரவேண்டும் என்று சோதிப்பது. நூறு டெஸ்ட் இருந்தாலும் சில நொடியில் ஓடி முடியும். போன சீசனில் ஒரு விதி வைத்திருந்தார்கள்: 5 டன்னும் அதற்கு மேலும் கொண்டுவந்தால் டன்னுக்கு 200 ரூபாய் கூடுதல். கோடில் "5,000 கிலோவை விட அதிகம்" என்று எழுதிவிட்டோம். சரியாக 5,000 கிலோ கொண்டுவந்த விவசாயிக்கு 1,000 ரூபாய் குறைந்துபோனது. எப்போதாவது ஒருமுறை நடக்கிற விஷயம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. லாரி எடைமேடைகள் பெரும்பாலும் 5 கிலோ, 10 கிலோ என்று தாவித்தான் எடை காட்டும். அதனால் உருண்டையான எண்கள் அடிக்கடி வரும். 4,990, 5,000, 5,010 என்று எல்லையின் இரண்டு பக்கமும், எல்லையிலேயும் மூன்று டெஸ்ட் எழுதியிருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். எழுதப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. அந்த 1,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அவர் இரண்டு முறை நடக்க வேண்டியிருந்தது. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கலும் யூனிட் டெஸ்டில் அழகாக அடங்கும். "கோவிந்தன்" என்ற பெயரில் உள்ள "கோ"வை, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே எழுத்துக்குறியாக வைக்கலாம். அல்லது முன்னால் வரும் இரட்டைக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. ஒரு விதத்தில் பதிந்த பெயரை இன்னொரு விதத்தில் தேடினால் ஆளே இல்லை என்று வரும். சேமிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மாறுகிறதா என்பதை இரண்டு வரி டெஸ்ட் சொல்லிவிடும்.

அப்புறம் கைச்சோதனை. இதைப் பழைய காலத்து வேலை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு நாள் மண்டியில் போய் எடை போடுகிற அண்ணன் பக்கத்தில் நின்றேன். வெயிலில் மொபைல் திரை சரியாகத் தெரியவில்லை. நெட் மெதுவாக இருந்ததால் "சேமி" பட்டனை அவர் மூன்று முறை அழுத்தினார். ஒரே லோடுக்கு மூன்று பில் விழுந்தது. கையடக்க பிரிண்டரில் தமிழ் எழுத்து வரவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வந்தது, ஏனென்றால் அந்த பிரிண்டரில் தமிழ் ஃபான்ட் கிடையாது. பில்லைப் படமாக மாற்றி அனுப்பிய பிறகுதான் சரியானது. ஆபீஸில் உட்கார்ந்து எழுதிய டெஸ்ட் அத்தனையும் அன்றைக்குத் தேறி, பச்சை காட்டிக்கொண்டிருந்தன. கைச்சோதனையின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது: ஒவ்வொரு முறை கோடு மாறும்போதும் பழையதை முழுக்கத் திரும்பச் சோதிக்க ஒரு ஆளால் முடியாது. நாற்பதாவது பில்லில் கண் தானாகத் தாண்டிப் போகும்.

பிரௌசர் ஆட்டோமேஷன் இந்தக் குறையைத் தீர்க்கும் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். ஓரளவு உண்மை. லாகின் செய்து, எடை பதிந்து, பில் வரும்வரை நிரலே அழுத்திப் பார்க்கும். ஆனால் ஓட நேரமாகும், திரையில் ஒரு பட்டன் இடம் மாறினாலே டெஸ்ட் விழலாம், அதாவது தோற்கலாம். சும்மா விழுந்து, மறுபடி ஓட்டினால் தேறுகிற டெஸ்ட் நாலைந்து சேர்ந்தால், உண்மையான பிழையில் விழும்போதும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கருவியில் செலினியமா, பிளேரைட்டா? செலினியம் 2004-இல் தொடங்கியது. மைக்ரோசாஃப்டின் பிளேரைட் 2020-இல் வந்தது. செலினியத்தில் பட்டன் தயாராகும்வரை எப்படிக் காத்திருப்பது என்று நாம்தான் எழுத வேண்டும். புதிதாக வருகிறவர்கள் "5 நொடி நில்" என்று போட்டுவிட, நெட் மெதுவான நாளில் எல்லாம் விழும். பிளேரைட், பட்டன் கண்ணுக்குத் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, அழுத்த முடிகிறதா என்று தானே பார்த்துவிட்டு அழுத்துகிறது. புதிதாகத் தொடங்குகிற சின்னக் குழுவுக்குப் பிளேரைட்தான் என் தேர்வு. ஓசூர், பெங்களூரு பக்கம் வேலை தேடுகிற தம்பி தங்கைகள் மட்டும் செலினியத்தையும் படித்து வையுங்கள். அதில் எழுதிய பழைய டெஸ்டுகள் ஏராளமாக இருக்கின்றன, அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

மேலாளரிடம் நான் சொன்ன கணக்கு இதுதான்: இரண்டு வாரம் யூனிட் டெஸ்டுக்கு, நான்கு நாள் மண்டியில், மிச்ச நாளில் பிளேரைட்டில் ஆறே ஆறு டெஸ்ட். யூனிட் டெஸ்ட் எழுதுவதில் கோடு எழுதுகிறவர்களும் உட்கார வேண்டும் என்றேன், ஒத்துக்கொண்டார்கள். மண்டியில் கிடைக்கிற ஒவ்வொரு பிழைக்கும், திருத்துவதற்கு முன்பே அது விழுகிற மாதிரி ஒரு டெஸ்ட் எழுதுகிறோம். மூன்று முறை அழுத்தினாலும் ஒரே பில் என்கிற டெஸ்டை நேற்றுதான் சேர்த்தோம்; ஒவ்வொரு எடைக்கும் முதலிலேயே ஒரு எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புது பில் போடாமல் பழையதையே திருப்பித் தருகிறது.