"கருப்பை சுத்தம்" என்று எழுதிக் கொடுத்தால் நம்பிவிடாதீர்கள்

ஈரோடு மாவட்டத்தில் மார்வாரிப் பெண்குதிரை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். பொலிக்குதிரை வைத்திருக்கும் ஒருவர், கருப்பைப் பரிசோதனைக்கென்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு, பரிசோதிக்காமலேயே சான்றிதழ் தருகிறார்.

எங்கள் குதிரைக்கு இந்த ஈற்று கடினமாகிவிட்டது. குட்டியின் முன்னங்கால் மடங்கிக் கிடந்ததால் மருத்துவர் கையை உள்ளே விட்டு நிமிர்த்தித்தான் எடுத்தார். மூன்று மணி நேரத்துக்குள் விழ வேண்டிய நஞ்சுக்கொடி விடிந்தும் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டைப் போல மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று குதிரையை விடக்கூடாது. ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் கருப்பை அழற்சி கண்டு, நஞ்சு இரத்தத்தில் ஏறி, குளம்பு வரை பாதிக்கும்.

இவ்வளவையும் அந்தப் பொலிக்குதிரைக்காரரிடம் சொன்னேன். "ஈன்ற ஒன்பதாம் நாள் வாக்கில் வரும் பருவத்தை விட்டால் ஒரு வருடம் வீண். எங்கள் டாக்டர் பார்த்துக்கொள்வார்" என்றார். இது பச்சைப் பொய். சுமார் மூன்று வாரத்தில் குதிரை மறுபடி பருவத்துக்கு வரும். சுகமாக ஈன்ற குதிரைக்கே முதல் பருவத்தில் சினை பிடிக்கும் வாய்ப்பு குறைவு. நஞ்சுக்கொடி தங்கிய குதிரைக்கு அந்தப் பருவத்தை விட்டுவிடுவதே முறை. கருப்பையைப் பார்த்த பிறகுதான் பொலிக்குதிரையோடு சேர்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி, ஸ்கேனுக்கும் ஆய்வகத்துக்கும் சேர்த்தே பணம் கட்டினேன்.

"நீர் இல்லை, கிருமி இல்லை" என்று சான்றிதழ் வந்தது. ஸ்கேன் படம் இல்லை, ஆய்வகத்தின் பெயர் இல்லை. கிருமியை வளர்த்துப் பார்க்கவே ஓரிரு நாள் ஆகும். இதில் மாதிரி எடுத்ததும் முடிவு தந்ததும் ஒரே தேதி. நான் கேள்வி கேட்பதற்குள் குதிரையைச் சேர்த்துவிட்டார்கள்.

திரும்பி வந்த குதிரையின் வால்முடி, கசிவு காய்ந்து, கஞ்சி போட்டதுபோல அடியில் விறைத்து ஒட்டியிருந்தது. எங்கள் மருத்துவர் ஸ்கேன் வைத்ததுமே கருப்பைக்குள் நீர் தேங்கியிருப்பது திரையில் தெரிந்தது. உறையிட்ட நீளக் குச்சியால் உள்ளிருந்து மாதிரி எடுத்து அனுப்பினார்; ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி இருப்பதாக முடிவு வந்தது. இப்போது சலைன் விட்டுக் கழுவுகிறார்கள். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசியும் ஆன்டிபயாடிக்கும் தொடர்கின்றன. சினை பிடிக்கவில்லை. பணத்தைக் கேட்டால், "இங்கே வரும்போதே உங்கள் குதிரை அப்படித்தான் இருந்தது" என்கிறார். அப்படியானால் அவர் தந்த சான்றிதழில் இருப்பது என்ன?

ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தை கூடும்போது இவரைப் போன்றவர்கள் முன்பணம் கேட்டு வருவார்கள். தேதியிட்ட ஸ்கேன் படமும் ஆய்வகத் தாளும் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முடிந்தால் உங்கள் மருத்துவரிடமோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ நீங்களே காட்டிவிடுங்கள். குட்டியை இழுத்து எடுத்திருந்தால், கருப்பை வாயில் கிழிசல் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்கவும் சொல்லுங்கள். அது ஸ்கேனில் தெரியாமல் போகலாம்.