குழந்தைகள் ஹோம்ல ஏழு மாசமா வாலன்டியர், பெங்களூரு ஹென்னூர் பக்கம்: 4/5

பேரு போட மாட்டேன், புள்ளைங்க தங்கி இருக்கற எடம், அட்ரஸ் நெட்ல சுத்த வேணாம். ஹென்னூர் தாண்டி உள்ள போகணும், பொம்பளப் புள்ளைங்க ஹோம், 42 பேரு, சின்னதுக்கு ஆறு வயசு, பெருசு பியுசி ரெண்டாவது வருஷம், நம்ம பிளஸ் டூ மாதிரி. சனிக்கிழமை சனிக்கிழமை போறேன், நடுவுல தீபாவளி, காய்ச்சல்னு நாலு வாரம் போகல. ஆபீஸ்ல ஆளாளுக்கு "எப்படி இருக்கும், நாங்களும் வரலாமா"ன்னு கேட்டு, வாய்ஸ் நோட் அனுப்பி அனுப்பி வாய் வலிச்சு போச்சு, அதான் மொத்தமா எழுதிடலாம்னு.

சேர்றது ஈஸி இல்ல. ஆதார் காப்பி, போட்டோ, சேவா சிந்துல (கர்நாடகா கவர்மென்ட் வெப்சைட்) போலீஸ் வெரிஃபிகேஷன் எல்லாம் கேப்பாங்க, பாதி பேரு இதுலயே கழண்டுக்கறாங்க. எனக்கு இது பிடிச்சுது, ஏன்னா முன்னாடி வேற ஒரு எடத்துக்கு கேக் பாக்ஸோட போனப்ப நீ யாரு எவருன்னு ஒரு வார்த்தை கேக்காம நேரா புள்ளைங்க ரூம் வரைக்கும் விட்டாங்க, எனக்கே திக்குனு இருந்துச்சு. இங்க கேட் கிட்ட ஒரு பிளாஸ்டிக் கூடை, ஃபோன அதுல போட்டா தான் உள்ள. 2015 ஜேஜே ஆக்ட்ல (சிறார் நீதிச் சட்டம்) 74ஆவது செக்‌ஷன்னு ஒண்ணு இருக்கு, இந்த மாதிரி புள்ளைங்களோட முகம், பேரு, ஸ்கூல் எதையும் மீடியால வெளிய விடக் கூடாது. வார்டன் அக்கா சட்டம்லாம் பேச மாட்டாங்க, "ஸ்டேட்டஸ் போடணும்னா உங்க வீட்டுப் புள்ளைய போடுங்கம்மா"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவாங்க. இதுக்கு ஃபுல் மார்க்.

இனி தண்ணி. நான் வளந்தது இதே பெங்களூரு ஆஸ்டின் டவுன், தெருக்குழாய்ல குடத்தை வரிசைல வெச்சு பக்கத்துல எங்கள காவலுக்கு உக்கார வெச்சுட்டு அம்மா சமைக்க போயிடுவாங்க, அதனால தண்ணி கஷ்டம்லாம் நாம பாக்காததான்னு ஒரு தெனாவட்டு இருந்துச்சு. மொத நாளே எறங்கிருச்சு. பாத்ரூம் போயிட்டு அங்க இருந்த பக்கெட்ட அப்படியே கவுத்துட்டு வெளிய வரேன், வாசல்ல ஒரு ஒன்பது வயசு வாண்டு இடுப்புல கைய வெச்சுட்டு நிக்குது. "அக்கா, ஒண்ணுக்குன்னா ரெண்டு மக்கு தான். அது நான் குளிக்க வெச்சது." கோவம் கூட இல்ல, ஏதோ புதுசா வந்த ஸ்டாஃபுக்கு ரூல்ஸ் சொல்ற மாதிரி. அன்னிக்கு அது குளிக்கல. சாயங்காலம் நான் கெளம்பற வரைக்கும் அது தலைய தலைய பாத்துட்டு இருந்தேன்.

போர்வெல் 2024 வெயில்ல காஞ்சுது, அந்த வருஷம் ஊர்ல கவர்மென்ட் போர்வெல்லே பதினாலாயிரத்துல கிட்டத்தட்ட பாதி காஞ்சுச்சு, இது எந்த மூலை. சிட்டிக்கு காவிரி தண்ணி கொண்டு வர்ற திட்டத்தோட அஞ்சாவது ஸ்டேஜ் அந்த அக்டோபர்ல ஓப்பன் பண்ணாங்க, நாளைக்கு 77 கோடி லிட்டருக்கு மேல, 2007ல சிட்டியோட சேத்த 110 கிராமத்துக்குன்னு. நம்ம ஹோம் இருக்கற தெருல பைப் ஓடுது. ஆனா பில்டிங் வாடகை, கனெக்‌ஷனுக்கு எழுதிக் குடுக்க வேண்டியது ஓனர், அவர கேட்டா "நோடோணா"ம்பாரு, கன்னடத்துல பாக்கலாம்னு அர்த்தம். ஏழு மாசமா நோடிட்டே இருக்காரு. காவிரி தண்ணி தொரெகாடனஹள்ளில இருந்து 100 கிலோமீட்டர், மூணு எடத்துல பம்ப் போட்டு மேட்டுல ஏத்திக் கொண்டு வராங்க, அவ்ளோ தூரம் ஏறி வந்தது இந்த கேட் கிட்ட வந்து ஒரு கையெழுத்துக்காக நிக்குது.

அதனால டேங்கர் தான். 6000 லிட்டர், ரெண்டு நாளைக்கு ஒண்ணு, ஒரு லோடு 900 ரூபா. (2024 மார்ச்ல மாவட்ட நிர்வாகம் ரேட் போட்டப்ப அஞ்சு கிலோமீட்டருக்குள்ள இதே 6000 லிட்டர் 600 ரூபா, அந்த ரேட்டுக்கு இப்ப யாரு வரா.) புள்ளைங்க, ஸ்டாஃப் எல்லாம் சேத்து 47 பேரு, தலைக்கு ஒரு நாளைக்கு 64 லிட்டர் வருது, சமையல், துணி, பாத்ரூம் எல்லாம் அதுக்குள்ள. சிட்டிக்கு தண்ணி பிளான் பண்றப்ப ஆளுக்கு 135ன்னு கணக்கு வெப்பாங்க. குடிக்க தனி, தெருமுனை ஃபில்டர் தண்ணி யூனிட்ல அஞ்சு ரூபா காயின் போட்டு 20 லிட்டர் கேன், அத தூக்கிட்டு வரது சனிக்கிழமைல என் வேலை.

டேங்கர்காரங்க லோடு குறைப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், யாரு அளக்கறது? இங்க அளக்கறாங்க. பியுசி படிக்கற பொண்ணு ஒரு நீள மூங்கில் குச்சில ரோஸ் கலர் நெயில் பாலிஷ்ல கோடு கோடா போட்டு வெச்சிருக்கு, டேங்கர் வரதுக்கு முன்னாடி ஒருவாட்டி சம்ப்ல (தரைக்கு கீழ இருக்கற தண்ணித் தொட்டி) விட்டு எடுக்கும், முடிஞ்சதும் ஒருவாட்டி. ஒரு நாள் டிரைவர் வால்வ மூடிட்டு பைப்ப சுருட்ட ஆரம்பிச்சுட்டாரு, இது குச்சிய எடுத்து ஈரம் எது வரைக்கும்னு பாத்து "அண்ணா, இன்னூ நால்கு பெரளு இதே"ன்னு சொல்லுது. இன்னும் நாலு விரல் இருக்குன்னு. அவரு ஏதேதோ சொல்லிப் பாத்தாரு, ரோடு பள்ளம், வழில சிந்திருச்சுன்னு. அது குச்சிய நீட்டிட்டே நிக்குது. மறுபடி வால்வ தொறந்தாரு. கணக்கு டியூஷன் எடுக்கலாம்னு தான் நான் வாலன்டியரா போனதே, அதுக்கப்புறம் அதுகிட்ட வால்யூம் சம்மெல்லாம் சொல்லித் தரவே கூச்சமா போச்சு.

குழாய் எல்லா பாத்ரூம்லயும் பளபளன்னு இருக்கு, தொறந்தா வராது. ரிப்பேர்னு நெனச்சேன், இல்ல, மொட்டை மாடில கேட் வால்வ வேணும்னே மூடி வெச்சிருக்காங்க. குழாய்ல போறது கண்ணுக்கு தெரியாது, பக்கெட்னா தெரியும்னு வார்டன் அக்கா கணக்கு. கிச்சன் லைன் மட்டும் ஓப்பன். அரிசி களைஞ்ச தண்ணி பாத்திரத்துக்கு, துணி அலசுன தண்ணி பாத்ரூமுக்கு. பெரிய பொண்ணுங்களுக்கு பீரியட்ஸ் நாள்ல ஒரு பக்கெட் எக்ஸ்ட்ரா, யாரும் கேள்வி கேக்கக் கூடாது, நோட்டுலயும் எழுதக் கூடாது.

வராண்டால ஒரு வாஷிங் மெஷின் இருக்கு, ஒரு கம்பெனி சிஎஸ்ஆர்ல, அதான் கம்பெனிங்க சமூக சேவைக்குன்னு ஒதுக்கற காசுல, பேனர் கட்டி குடுத்துட்டு போனது. டாப் லோட், ஒரு தடவைக்கே நூறு லிட்டர் கிட்ட கேக்கும், குழாய்ல பிரஷரும் வேணும். இப்ப அது மேல டேபிள் கிளாத் போட்டு ஹோம்வொர்க் நோட்டு அடுக்கி வெச்சிருக்காங்க. குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆளு குழாய தொறந்து பாத்திருக்கலாம்.

நவம்பர்ல சிரங்கு வந்துச்சு. மொதல்ல ரெண்டு புள்ளைக்கு விரல் இடுக்குல, பத்து நாள்ல பதினொண்ணு. டாக்டர் சொல்லிட்டாரு, அரிப்பு இருக்கறவங்களுக்கு மட்டும் தடவி பிரயோஜனம் இல்ல, கூட படுக்கற எல்லாருக்கும் ஒரே ராத்திரி கழுத்துக்கு கீழ கால் வரைக்கும் மருந்து, காலைல குளியல், பெட்ஷீட், டவல், போட்ட துணி எல்லாம் வெந்நீர்ல போடணும், ஒரு வாரம் கழிச்சு திரும்ப ஒருவாட்டி. 42 பெட்ஷீட். அன்னிக்கு எக்ஸ்ட்ரா ரெண்டு டேங்கர் ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் கிட்ட காசு கலெக்ட் பண்ணி எறக்குனோம், அண்டால தண்ணி காய வெச்சு நானும் இன்னும் மூணு பேரும் காலைல ஆறு மணில இருந்து மத்தியானம் ரெண்டு வரைக்கும் துணி தான். சிரங்குன்னா அழுக்குப் புள்ளைங்கன்னு பேசறவங்கள எனக்கு தெரியும், எங்க வீட்லயே இருக்காங்க. குளிக்க ஒரு பக்கெட்டும் ஒரு ரூம்ல பதினாலு பேரும் இருந்தா அது யாருக்கும் வரும். எனக்கும் வந்துச்சு. சரியாயிடுச்சு, பயப்படாதீங்க.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, ஞாயித்துக்கிழமை கூட்டம். பர்த்டே பார்ட்டி கேக்கறவங்களுக்கு இவங்க முடியாதுன்னு சொல்றதே இல்ல, டொனேஷன் வருதே, புரியுது. ஆனா முப்பது பேரு குடும்பமா வந்து பிரியாணி போட்டு, வந்தவங்க கைய கழுவி, கால கழுவி, ஆளுக்கு ஒருவாட்டி பாத்ரூம் போனா திங்கக்கிழமை தண்ணி ஞாயித்துக்கிழமையே தீந்துரும். ஸ்கூல் நாள். புள்ளைங்க மூஞ்சிய மட்டும் கழுவிட்டு போகும். வாசல்ல ஒரு போர்டு வைங்க, கெஸ்ட்டுக்கு பாத்ரூம் இல்லன்னு எழுதுங்கன்னு மூணு தடவை சொல்லிட்டேன், கேக்கறவங்க தப்பா எடுத்துப்பாங்கன்னு தயங்கறாங்க. வாலன்டியர் டைம்டேபிளும் கெடையாது, ஒரு வாரம் எட்டு பேரு வந்து நிப்போம், அடுத்த வாரம் நான் மட்டும்.

வர நெனைக்கறவங்களுக்கு: ஞாயிறு வேணாம், சனி வாங்க. டியூஷன் எடுக்க வரேன்னு சொன்னாலும் மொத ஒரு மணி நேரம் பக்கெட் தூக்க விடுவாங்க, ஒரு பக்கெட் 15 கிலோ, முதுகு வலி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, வெங்காயம் உரிக்க விடுவாங்க. குடிக்க தண்ணி வீட்ல இருந்து ரொப்பிட்டு வாங்க, பாத்ரூம் வேலைய வீட்லயே முடிச்சுட்டு வாங்க. சாக்லேட், கேக் வேணாம், ரூபாய் 900 குடுத்தா ஒரு லோடு, டேங்கர்காரருக்கே நேரா ஜிபே பண்ணலாம். ஆறரைக்கு வண்டி வரும்னு சொல்வாங்க, ஏழேகால் ஆகும். பழைய செருப்பு போட்டுக்கோங்க, சம்ப் மூடி பக்கத்துல பாசி, நான் ரெண்டு தடவை வழுக்கி விழுந்துட்டேன்.