நடைபாதைக் குழுக் கூட்டத்துக்குப் போகலாமா? ஓராண்டு போனவளின் கருத்து

எங்கள் நகர நிர்வாகத்தில் ஓர் ஆலோசனைக் குழு இருக்கிறது. நடைபாதைகள், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள், உள்ளூர்ப் போக்குவரத்து மூன்றையும் அது பார்க்கிறது. மாதம் ஒரு முறை கூடும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், பேசலாம். கடந்த ஓராண்டில் ஒன்பது கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். வாங்குகிற பொருளுக்கெல்லாம் மதிப்புரை எழுதுகிறோம். நம் வரிப்பணத்தில் நமக்காகவே நடக்கும் இந்தச் சேவைக்கும் ஒன்று எழுத வேண்டும் என்று தோன்றியது.

என்னைப் பற்றி ஒரு வரி. பதினோரு ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். மோட்டார் கிடையாது, கையால் தள்ளுகிற வகை. அதனால் தரையில் இருக்கிற ஒவ்வொரு மேடும் பள்ளமும் முதலில் என் தோளுக்குத்தான் தெரியும்.

முதல் கூட்டத்துக்குப் போனபோது அரங்கில் சாய்தளம் இருந்தது, அகலமும் போதுமானது. ஆனால் பேசுகிறவர்களுக்கான மைக், நின்று பேசுகிறவரின் வாய் உயரத்தில் இறுக்கி வைக்கப்பட்டிருந்தது. என் முறை வந்தபோது உறுப்பினர் ஒருவர் எழுந்து வந்து மைக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அடுத்த மாதம் போனால், பக்கத்திலேயே உயரம் குறைந்த இன்னொரு ஸ்டாண்ட் தயாராக இருந்தது. நான் கேட்கவே இல்லை. இந்தக் குழுவின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான்.

கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி நிரல் சில நாள் முன்பே வெளியாகும். தொடக்கத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். அப்புறம் துறை அலுவலர்கள் வரிசையாக அறிக்கை வைப்பார்கள், உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள், கடைசியில் பரிந்துரை எழுதி நகர மன்றத்துக்கு அனுப்புவார்கள். அவ்வளவுதான். குழுவால் யாருக்கும் உத்தரவு போட முடியாது, பணமும் ஒதுக்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் பாதியாகக் குறையும்.

முதல் முறை எனக்குப் பேசத் தெரியவில்லை. பதினோரு ஆண்டு ஆதங்கத்தையும் மூன்று நிமிடத்தில் கொட்டினேன். "நடைபாதை சரியில்லை, யாரும் கவனிப்பதில்லை" என்றே திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பேன். எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள், நன்றி சொன்னார்கள், முடிந்தது. வெளியே வரும்போது வயதான உறுப்பினர் ஒருவர் பின்னாலேயே வந்து, "எந்த இடம்னு சொல்லுங்கம்மா, அளவோட சொல்லுங்க. அப்போதான் அவங்களால எழுதிக்க முடியும்" என்றார். அதைவிட நல்ல அறிவுரையை இந்த விஷயத்தில் இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றை, ஒரு மீட்டர் நீளத்தில், இரவல் வாங்கினேன். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் ஏறி இறங்குவதற்காக நடைபாதையைச் சாலைப் பக்கமாகச் சரித்துக் கட்டியிருக்கிறார்கள். நடக்கிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. நீரோட்டத்துக்காக நடைபாதைக்குக் கொடுக்கும் பக்கவாட்டுச் சரிவு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் அளவில் நிற்க வேண்டும் என்பது பல நாட்டு விதிகளிலும் இருக்கிறது. ரசமட்டத்தைக் குறுக்கே பிடித்துக் குமிழ் நடுவில் நிற்கும்வரை ஒரு முனையைத் தூக்கி, அடியில் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். 7 சென்டிமீட்டர். நான்கு வாசல்களில் அளந்தேன். மிகக் குறைந்ததே 5.

இந்த எண்களைப் படித்ததும் குழுத் தலைவர் நேரில் பார்க்கலாம் என்றார். மூன்று வாரம் கழித்து உறுப்பினர்கள் நால்வரும் நடைபாதைப் பொறியாளரும் தெருவுக்கு வந்தார்கள். பொறியாளர் சரிவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "என் கையைப் பாருங்கள் சார்" என்று சொல்லிவிட்டு நகர ஆரம்பித்தேன். சாலை எனக்கு இடப்பக்கம். சரிவில் நாற்காலி தானாகவே இடப்பக்கம் திரும்பும், அதாவது வண்டிகள் போகிற பக்கம். அதை நேராக வைத்திருக்க இடது கைதான் முழுப் பாரத்தையும் தள்ள வேண்டும். வலது கை தள்ளவே முடியாது. சக்கரத்தின் வளையத்தைப் பிடித்து இழுத்துத் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். ஒரு வாசலைத் தாண்டினால் உள்ளங்கை சூடாகிவிடும். பத்து வாசலைத் தாண்டினால் கட்டை விரலுக்குக் கீழே தோல் கன்றிப்போகும். பொறியாளர் என் வலது கையையே பார்த்தபடி நான்கு வாசல் தூரம் கூட வந்தார். பிறகு தன் நோட்டில் ஏதோ வரைந்தார். சரிவை நடைபாதையின் விளிம்பில், கடைசி அரை மீட்டருக்குள் முடித்துவிட்டால் உள்பக்கம் நடக்கிற அளவுக்குச் சமதளமாக வைத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே விளக்கினார். அதே வரைபடம் இப்போது புதிய வாசல்களுக்கான மாதிரியாகப் பரிந்துரையில் இருக்கிறது. பழைய வாசல்கள் அப்படியேதான் கிடக்கின்றன.

எல்லாக் கூட்டத்திலும் இப்படி எல்லாரும் ஒரே பக்கம் நிற்பார்கள் என்று நினைக்க வேண்டாம். தெருமுனையில் நடைபாதை சாலையோடு சேரும் இடத்தில் சாய்தளம் வேண்டும் என்று நான் கேட்டபோது, எதிர்த்துப் பேசியவர் வெள்ளைக்கோல் வைத்திருக்கும் பார்வையற்ற நண்பர் ஒருவர். எனக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் அவர் சொன்னது புரிந்தது. 15 சென்டிமீட்டர் உயர விளிம்புக் கல் எனக்குச் சுவர். 1-க்கு 12 சரிவில், அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற கணக்கில், அதை இறக்க 180 சென்டிமீட்டர் நீளமுள்ள சாய்தளம் வேண்டும். ஆனால் அவருக்கு அந்த விளிம்புதான் 'இங்கே நில், இதற்கு மேல் சாலை' என்று சொல்லும் எச்சரிக்கை. கல்லை எடுத்துவிட்டு வழவழவென்று இறக்கிவிட்டால், தெரியாமலேயே நடுச்சாலைக்குப் போய்விடுவார்.

இந்தச் சிக்கலுக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர், பார்வை இழந்துகொண்டிருந்த நண்பருக்கு உதவ நினைத்து 1965-ல் புள்ளிகள் புடைத்த தரை ஓட்டை உருவாக்கினார். 1967 மார்ச்சில் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே சாலையைக் கடக்கும் இடத்தில் அது முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. புள்ளி ஓடு என்றால் நின்று கவனி, நீளக் கோடு ஓடு என்றால் இந்தத் திசையில் போ. சாய்தளத்தின் கீழ் விளிம்பில் புள்ளி ஓடு போட்டால் எனக்கு வழியும் கிடைக்கும், அவருக்கு எச்சரிக்கையும் கிடைக்கும். குழு அதைத்தான் எழுதியது. நண்பர் ஒரு திருத்தமும் சேர்க்க வைத்தார். கோட்டு ஓட்டை மின்கம்பத்திலோ மரத்திலோ கொண்டுபோய் முடிக்கக் கூடாது. அப்படி முடிந்த ஒரு பாதையில் அவர் நெற்றியில் அடிபட்டிருக்கிறார். தழும்பு இன்னும் இருக்கிறது.

இந்தக் குழு எதற்காக இருக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியது ஒரு பேருந்து நிறுத்தத்தின் விஷயத்தில்தான். தாழ்தளப் பேருந்துகள் வந்துவிட்டன. கதவடியில் மடித்து வைத்த பலகை இருக்கிறது, வண்டியே ஒரு பக்கமாகச் சற்றுத் தாழ்ந்து கொடுக்கும். நிறுத்தத்தில் நடைபாதையும் புதிது. ஆனால் அந்த நிறுத்தத்தில் என்னால் ஒரு முறைகூடத் தனியாக ஏற முடிந்ததில்லை. ஓரத்தில் எப்போதும் வண்டிகள் நிற்பதால் பேருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளியே நிற்கும். பலகை நடைபாதையில் விழாமல் சாலையில் போய் விழும். கதவின் தளம் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 15 சென்டிமீட்டர் உயர நடைபாதையில் விழுந்தால் நான் ஏற வேண்டியது மீதி 15 தான். சாலையில் விழுந்தால் அதே ஒரு மீட்டர் பலகையில் முழு 30-ஐயும் ஏற வேண்டும். முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும், பின்னால் சாய்ந்துவிடுவோமோ என்ற பயம் வரும். இதற்கு முன் நான் சாலைக்கு இறங்கவும் வேண்டும், அங்கே சாய்தளம் கிடையாது.

குழுவில் இதைச் சொன்னபோது பேருந்துத் துறை அலுவலர், வண்டி விதிப்படிதான் இருக்கிறது என்று தாளைக் காட்டினார். நடைபாதைத் துறை அலுவலரும் விளிம்புக் கல் உயரம் விதிப்படிதான் என்று இன்னொரு தாளைக் காட்டினார். இருவர் சொன்னதும் உண்மை. தலைவர் இரண்டு தாளையும் வாங்கி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "வண்டியும் சரி, பாதையும் சரி. இந்த அம்மா எப்படி ஏறுவாங்க?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த இரண்டு துறைகளும் ஒரே மேசையில் உட்காரும் இடம் எங்கள் நகரத்தில் இந்தக் குழுவைத் தவிர வேறு எதுவும் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு கட்டடம், சாலை, போக்குவரத்து மூன்றையும் ஒரே வரியில் சொல்கிறது. அலுவலகங்களில்தான் அவை வேறு வேறு மாடிகளில் இருக்கின்றன.

அங்கேயே விடையும் வந்தது. பேருந்தை ஓரத்துக்கு வரச் சொல்வதற்குப் பதிலாக, நிறுத்தம் இருக்கும் இடத்தில் மட்டும் நடைபாதையைப் பேருந்து போகும் தடம் வரை நீட்டிக் கட்டுவது. அங்கே வண்டி நிறுத்த இடமே இருக்காது, ஓட்டுநரும் வளைத்து உள்ளே வர வேண்டாம். சோதனைக்காக இரண்டு நிறுத்தங்களில் கட்டினார்கள். அதில் ஒன்றில் போன மாதம் நான் தனியாக ஏறினேன். ஓட்டுநர் இறங்கிவந்து பலகையை விரித்தார், நான் இரண்டே தள்ளலில் உள்ளே போனேன். யாரையும் பிடிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சிக்னல் நேரத்தைப் பற்றியும் ஒரு கூட்டம் நடந்தது. விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று வைத்துப் போட்ட கணக்கில் 14 மீட்டர் சாலைக்கு 12 விநாடிதான் கிடைக்கும். விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 17 விநாடிக்கு மேல் வேண்டும். இரண்டு சந்திப்புகளில் நேரத்தைக் கூட்டினார்கள், செலவே இல்லாத வேலை.

குறைகளைச் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரை நேர்மையாக இருக்காது. பெரிய குறை, அனுப்பிய பரிந்துரை என்ன ஆனது என்று குழு கணக்கு வைப்பதில்லை. நான் போன ஒன்பது கூட்டங்களில் ஒரு முறைகூட "போன ஆண்டு அனுப்பியவற்றில் எத்தனை நடந்தது" என்பது நிகழ்ச்சி நிரலில் இல்லை. இரண்டு முறை கேட்டுவிட்டேன். குறித்துக்கொள்கிறோம் என்கிறார்கள்.

அடுத்தது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம். கூட்ட ஆவணங்களை ஸ்கேன் செய்த படமாகப் போடுகிறார்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் என் நண்பருக்கு அது வெறும் வெற்றுத் தாள். அணுகல் வசதிக்கான குழுவின் காகிதத்தையே அவரால் படிக்க முடியவில்லை. சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டுமென்றால் ஐந்து நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பது அறிவிப்பின் கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கிறது. ஒரு நாள் காது கேளாத பெண் ஒருவர் வந்து இருபது நிமிடம் எல்லார் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. பெயர்ப்பாளரை எல்லாக் கூட்டத்துக்கும் ஏற்பாடு செய்துவிட வேண்டும், கேட்டால்தான் என்று இருக்கக் கூடாது. வேலை நாளில் மாலை 4 மணிக்குக் கூட்டம் வைப்பதும் தவறு. வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்?

சாலை போடும் பட்டியல் குழுவுக்கு வரும்போது ஒப்பந்தமே முடிந்திருக்கும். இது மாறினால் பாதிப் பிரச்சினை தீரும். சாலையைத் தோண்டிப் புதிதாகப் போடும்போது சாய்தளமும் சேர்த்துக் கட்டுவதுதான் மலிவு. தனியாக வந்து உடைத்துக் கட்டினால் செலவு எங்கேயோ போகும். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தின் மேல் போட்ட கின்னி வழக்கில், சாலைக்கு மேல்தளம் புதிதாகப் போட்டாலே தெருமுனைச் சாய்தளமும் அமைத்தாக வேண்டும் என்று 1993-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு வந்து பேசியவர் ஓர் உறுப்பினர்தான், அவருக்குச் சம்பளம்கூடக் கிடையாது. பட்டியலை மூன்று மாதம் முன்பே கொடுங்கள் என்று இப்போது எழுத்தில் கேட்டிருக்கிறார்கள்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை தருவேன். கணக்கு வைக்க ஆரம்பித்தால் நான்கு.

நாற்காலியில் போகிறவர்கள் மட்டுமல்ல, குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள், முட்டிவலி உள்ள அம்மா அப்பாவோடு இருப்பவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது போங்கள். ஓர் இடத்தை மட்டும் பேசுங்கள். இரண்டு புகைப்படம், ஓர் அளவு, தெருப் பெயர் போதும். எழுதியதை ஒரு பிரதி எடுத்துச் செயலரிடம் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கூட்டக் குறிப்பில் ஒரே வரியாகச் சுருங்கிவிடும். அடுத்த கூட்டத்தில் பழைய வாசல்கள் விஷயத்தை மறுபடி எடுக்கப் போகிறேன், இந்த முறை தெரு முழுக்க இருபத்தாறு வாசல்களின் அளவும் இருக்கிறது. பேச நினைப்பவர்கள் பத்து நிமிடம் முன்னால் வாருங்கள். பெயர் எழுதும் தாள் கதவுக்கு இடப்பக்க மேசையில் இருக்கும், கூட்டம் தொடங்கியதும் எடுத்துவிடுவார்கள்.