ஜெட் பாண்டூன் படகுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

38,000 ரிங்கிட். அப்பாவின் ஈ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) பணத்தோடு நானும் தம்பியும் போட்டதைச் சேர்த்து 38,000 ரிங்கிட். அதை வாங்கிக்கொண்டு ஒருவன் பழைய எஞ்சினுக்குச் சாயம் பூசி எங்கள் தலையில் கட்டிவிட்டான். நேற்று ராத்திரி போனில், "உங்களால ஆனதப் பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். ஆத்திரத்தில் தூக்கமே வரவில்லை. இன்னொரு குடும்பம் போய் விழுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முகநூலில் படகு விளம்பரம் போட்டு, ஈப்போ பக்கம் ஒரு கடைவீட்டில் ஷோரூம் நடத்துகிற ஆள். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை.

நாங்கள் சுங்கை சிப்புட். மீன் பிடிக்க, பிள்ளைகளோடு பொழுதைக் கழிக்க என்று அடிக்கடி போவது செண்டரோ ஏரிக்கு. பேராக் ஆற்றில் அணை கட்டி 1930-இல் உண்டான ஏரி அது. அப்பா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியே காலம் தள்ளியவர். இப்போது இரண்டு முட்டியும் போய்விட்டன, சாதாரண படகில் காலைத் தூக்கி வைத்து ஏற முடியாது. பாண்டூன் என்றால் மிதவைகளுக்கு மேல் சமமான தளம், சுற்றிலும் கம்பி. வீட்டுத் திண்ணையில் ஏறுகிற மாதிரி அவர் பாட்டுக்கு ஏறி உட்காரலாம். ஜெட் வேண்டும் என்று நினைத்ததற்கும் காரணம் இருந்தது. வெளியே சுழலும் புரொப்பெல்லர் இல்லை, பிள்ளைகள் தண்ணீரில் இறங்கும்போது வெட்டிவிடுமோ என்ற பயம் குறைவு. ஆழம் குறைந்த இடத்திலும் ஓடும்.

2021 ஆகஸ்டில் கனடாவின் பி.ஆர்.பி. நிறுவனம் சீ-டூ சுவிட்ச் என்ற ஜெட் பாண்டூனை வெளியிட்டது. மோட்டார் சைக்கிள் போலக் கைப்பிடி, பிரேக், ரிவர்ஸ் எல்லாம் உள்ள படகு. இந்த ஆள் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டி, "நம்மகிட்ட இருக்கிறதும் அதே டெக்னாலஜிதாண்ணே, புதுசு, விலைதான் பாதி" என்றான். புதுசு என்று அவன் அன்று எத்தனை முறை சொன்னான் தெரியுமா!

ஓட்டிக் காட்ட எங்களைக் கம்பார் பக்கம் ஒரு பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்குக் கூட்டிப்போனான். ஆழமான, தெளிந்த தண்ணீர், ஒரு பாசி கிடையாது. அங்கே படகு பறந்தது. கரைப் பலகையில் அப்பா தயங்கி நின்றபோது ஓடி வந்து அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்து, அடி அடியாக நடத்திக்கொண்டு போய் உட்கார வைத்தான். சட்டையில் தண்ணீர் தெறித்ததைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டான். "நானும் தோட்டத்துப் பிள்ளதாண்ணே, எங்கப்பாவும் மரம் சீவினவருதான். இவரு காசுல கை வெப்பேனா?" என்றான். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சாயந்திரமே 38,000 ரிங்கிட்டும் போய்விட்டது. கம்பெனிக் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது என்று சொல்லி, பணத்தைத் தன் மனைவியின் கணக்கில் போடச் சொன்னான். எங்கள் அப்பாவின் கையைப் பிடித்து நடத்தியவன் செய்த வேலை இது. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

படகு வருவதற்குள் ஆயிரம் கதை. கப்பல் தாமதம், கிள்ளான் துறைமுகத்தில் கஸ்டம்ஸ், அப்புறம் லாரி கிடைக்கவில்லை. கடைசியில் வந்து இறங்கியது குட்டையில் ஓடிய படகே இல்லை. தம்பி மெக்கானிக். எஞ்சின் மூடியைத் திறந்தவன் ஒன்றும் பேசாமல் என்னைக் கூப்பிட்டான். போல்ட்டுகளின் தலையிலும் ரப்பர்க் குழாயிலும் ஒரே நீலச் சாயம் வழிந்து காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உள்ளே துரு. சீரியல் எண் இருக்க வேண்டிய இடத்தில் புதிதாக ஒரு ஸ்டிக்கர். அதை உரித்தால் அடியில் அரத்தால் தேய்த்த கோடுகள். யாரோ ஓட்டித் தீர்த்த ஜெட் ஸ்கியிலிருந்து கழற்றி மாட்டிய எஞ்சின் என்றான் தம்பி. பிரேக், ரிவர்ஸ் எதுவும் இல்லை.

சரி, ஓடவாவது ஓடுமா என்று ஏரியில் இறக்கினோம். செண்டரோவில் கியாம்பாங் பாசி (தண்ணீர் மேல் மிதந்து படரும் செடி) எவ்வளவு என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஜெட் என்பது அடியிலிருக்கும் கம்பி வலை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித் தள்ளுவது. வலையில் பாசி அடைத்தால் எஞ்சின் கத்தும், படகு நகராது. மணலை இழுத்தால் உள்ளே சுழலும் இம்பெல்லர் தேய்ந்து இழுவை போய்விடும். செண்டரோவில்தான் ஓட்டப்போகிறோம் என்று அவனிடம் முதலிலேயே சொன்னோம். "பாசியெல்லாம் அதுவே வெட்டித் தள்ளிடும்ணே" என்றான்.

அதைவிட மோசம் கரை சேரும்போது நடந்தது. இந்தப் படகுக்குச் சுக்கான் கிடையாது. பீய்ச்சும் தண்ணீரைத் திருப்பினால்தான் படகு திரும்பும், வேகத்தை விட்டால் கைப்பிடியைத் திருப்பிப் பயனில்லை. தம்பி வேகத்தைக் குறைத்தான், படகு நேராகக் கரைத் தூணில் மோதியது. அப்பா கம்பியில் விழுந்து தோள்பட்டை வீங்கிவிட்டது. இதைப் பற்றி விற்றவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தூணுக்குப் பதில் பிள்ளைகள் மேல் மோதியிருந்தால்?

அதற்குப் பிறகு போனை எடுப்பதே அபூர்வம். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. கடைக்குப் போனால் முன்னால் இருக்கும் பெண், "பாஸ் வெளிய போயிருக்காரு" என்பாள், உள் அறையில் அவன் குரல் கேட்கும். ஒரு நாள் டெக்னீஷியன் ஜொகூரில் இருக்கிறான் என்றான். இன்னொரு நாள், பாசியில் ஓட்டியது எங்கள் தப்பு, வாரண்டி செல்லாது என்றான். அந்த வாரண்டித் தாள் எங்கள் கைக்கு வந்ததே படகு வந்த அன்றுதான். பாதிப் பணமாவது திருப்பிக் கொடு என்று அப்பா அவரே பேசினார். "பெரியவரே, வியாபாரம்னா அப்படித்தான்" என்றானாம். முழங்கையைத் தாங்கியவன்!

ரசீதிலும் ஒரு வேலை பார்த்திருக்கிறான். வணிக உபயோகத்துக்கு என்று மலாயில் ஒரு வரி தட்டியிருக்கிறான். எங்களுக்கு ஏது வணிகம்? 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர்தான் பயனீட்டாளர். தீர்ப்பாயத்தில் நம்மைத் தட்டிவிடத்தான் அந்த வரி. நாங்கள் போலீஸ் ரிப்போர்ட் செய்துவிட்டோம், பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் மனு போட்டுவிட்டோம். கட்டணம் 5 ரிங்கிட்தான், வக்கீல் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். எங்கள் 38,000 அதற்குள் அடங்குகிறது. நாங்கள் முதலில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் 'அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும்' என்று எழுதியிருந்தோம், சொந்த உபயோகம்தான் என்பதற்குச் சாட்சியாக அதையும் அச்செடுத்து வைத்திருக்கிறோம்.

நிறைய எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில மட்டும். தனி ஆள் கணக்கில் பணம் போடச் சொன்னால் கிளம்பி வந்துவிடுங்கள். மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று, கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். நீங்கள் ஓட்டப்போகிற ஏரியில், நீங்கள் வாங்கப்போகிற அதே படகை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் எண்ணை ரசீதில் எழுத வையுங்கள், வாரண்டித் தாளைப் பணத்துக்கு முன்னால் கேளுங்கள். இப்போதுதான் பணம் மாற்றி ஏமாந்தவர்கள் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்குப் போன் அடியுங்கள்.

ஈப்போ பக்கம் இதே மாதிரி ஜெட் பாண்டூன் வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். விசாரணைக்குச் சேர்ந்தே போகலாம்.